கடைசி மூச்சுக்கு முந்திய விற்பனை

இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு கற்பனை உண்டு.
இறப்பவர், இறப்பதற்கு ஒரு கணம் முன்,
தன்னிடம் உள்ளதையெல்லாம் விற்றுவிட்டார்
என்று வைத்துக்கொள்ள வேண்டும்.
மூக்கில் ஒட்சிசன் குழாய்,
மணிக்கட்டில் ஊசி.
அந்த நிலையிலும் மனிதர் சந்தை விலை பேசி
பங்கு, காணி, கட்டடம் எல்லாம் கைமாற்றி
இலாபத்துக்குக் கணக்கும் காட்டிவிட்டுத்தான்
கண்ணை மூடுகிறார்.

சட்டம் எழுதுகிறவர்களுக்குக் கவிதை வராது என்று
இனி நான் சொல்லமாட்டேன்.

பதினேழு வருடமாக என் வேலை
அந்தக் கணத்தை ஒத்திப்போடுவது.
ரொறன்ரோவில், பே வீதியில், முப்பத்தோராம் மாடியில்,
ஏரியைப் பார்த்த கதிரையில்.
உறையவைத்தல் என்பார்கள் அந்த வித்தையை.
மாசி மாதத்துக்கு ஏற்ற சொல்.
தகப்பனின் சொத்து இன்றைய விலையில் உறைந்து நிற்கும்,
இனி வளர்வதெல்லாம் பிள்ளைகளின் பக்கம்,
பனிக்கட்டிக்கு அடியில் ஓடும் தண்ணீர் போல,
சத்தமில்லாமல்.

போன கிழமை மெக்கில்வ்ரே குடும்பம்.
மில்டன் பக்கம் பதினொரு கிடங்குகள்.
நான்காம் கிடங்கில் என் மச்சான் பெட்டி அடுக்குகிறான்.
அது கோப்பில் இல்லை.

மகள் ஐஸ்லா வந்தாள். இருபத்தாறு வயது.
சப்பாத்தில் வீதி உப்பின் வெள்ளைக் கறை.
எனக்கும் ஒரு கோப்பி வாங்கி வந்திருந்தாள்,
சீனி எத்தனை என்று முதல் நாளே கேட்டு வைத்து.
ஒன்பது இடத்தில் கையெழுத்து வைத்தாள்.
பத்தாவதில் பேனையை நிறுத்தி,
"இதைச் செய்யாவிட்டால் எவ்வளவு கட்ட வரும்?"
மஞ்சள் தாளில் உத்தேசமாக எழுதிக் காட்டினேன்.
கனநேரம் பார்த்தாள்.
"இதற்கு என்ன வாங்கலாம்?"

எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டமில்லை.
"அரசாங்கம் எப்படியும் வீணாக்கிவிடும்" என்றேன்.
எங்கள் மாடியில் எல்லோருக்கும் தெரிந்த மறுமொழி.
பத்தாவதிலும் கையெழுத்து விழுந்தது.

பங்குனி, சித்திரை மாலைகளில்
ஸ்காபரோவில் நம் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன்.
பத்தாயிரத்து நூறாம் வரியில் கூலி.
முழுக் கூலியும்.
பன்னிரண்டாயிரத்து எழுநூறாம் வரியில் ஆதாயம்.
அதில் பாதியைச் சொன்னால் போதும்.
நித்திரை முழித்து உழைத்த டொலர்
சோதனைச்சாவடியில் பையைக் கொட்டிக் காட்ட வேண்டும்.
நித்திரையில் வளர்ந்த டொலர்
கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டுப் போய்விடும்.
பாண் தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் தவமலர்
வருடா வருடம் கேட்பாள்,
"ஓவர்டைம் செய்தால் வரி கூடுமோ?"
கூடும், தவமலர்.

சரி, என் கதையையும் சொல்ல வேண்டும்.
இரண்டாயிரத்து மூன்றில் மோர்னிங்சைட் பக்கம் ஒரு வீடு வாங்கினேன்.
கூரை ஒருமுறை மாற்றினேன், மேப்பிள் ஒன்றை வெட்டினேன்.
வேறொன்றும் செய்யவில்லை.
விலை நான்கு மடங்காகிவிட்டது.
குடியிருக்கும் வீடு என்பதால் ஒரு சதமும் கட்டவேண்டாம்,
அப்படியே என் மகனுக்கு.
அவன் இன்னும் வாடகை என்ற சொல்லைக் கற்கவில்லை.
கீழ்த்தளத்தில் மாதம் ஆயிரத்து நூறு தரும் பெடியனுக்கு
நான்தான் மெக்கில்வ்ரே.

அதனால் வாய் கொஞ்சம் தடுமாறுகிறது.
ஆனாலும் அந்த மஞ்சள் தாள் என் பையில் இருக்கிறது.
ரயிலில் எடுத்து வகுத்துப் பார்த்தேன்.
தவமலர் விரல் நசுங்கிப் பதினொரு மணிநேரம் காத்திருந்த
அவசரப் பிரிவுக்கு
எத்தனை தாதிகள், எத்தனை வருடத்துக்கு.
ரூஜ் ஹில் வருவதற்குள் இருமுறை வகுத்தேன்.
இருமுறையும் அதே எண்.

எனக்கும் அந்தக் கணம் வரும்.
விற்க என்ன இருக்கிறது என்று சட்டம் கேட்கும்.
வீட்டைக் காட்டுவேன்.
அது விலக்கு, நீ போகலாம் என்னும்.
விடாதே என்று சொல்ல
அப்போது மூச்சு மிஞ்சுமோ தெரியாது.
ஆகவே இப்போதே எழுதி வைக்கிறேன்:
என்னிடமும் வாங்கு.
ஆனால் முதலில் அந்த முப்பத்தோராம் மாடிக்கு ஏறிவிட்டு வா.
வாசலில் என் பெயரைச் சொல்,
விடுவார்கள்.